பிரேக்குக்கு முன்னால் ஒரு ‘அண்ட்’

புருஷன்மேல் சந்தேகப்பட ஒரு பெண்ணுக்கு ஆயிரம் காரணம் கிடைக்கும். சட்டையில் ஒரு முடி, பையில் ஒரு பில், போனுக்குப் புதுசாக ஒரு பூட்டு. இவளுக்குக் கிடைத்த காரணம் வேறு எவளுக்கும் கிடைத்திருக்காது. அவர் சாயங்காலம் பால்கனியில் நின்று யாரிடமோ இங்கிலீஷில் பேசும்போது ‘அண்ட்’ என்ற சொல் ரொம்பப் பொடிசாக வந்தது. அவ்வளவுதான் சங்கதி. இதற்காகவா ஒருத்தி மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடப்பாள் என்று கேட்டால், கிடந்தாள்.

அவள் பார்க்கும் வேலையைச் சொன்னால்தான் இது விளங்கும். பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்கிற மெஷின்களுக்குப் பாடம் தயார்பண்ணித் தரும் கம்பெனி அது. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் போனில் இங்கிலீஷில் பேசிய பதிவுகள் மூட்டை மூட்டையாக வரும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், பேச்சு கம்ப்யூட்டர் திரையில் கம்பளிப்பூச்சி மாதிரி நீளமாகப் படுத்திருக்கும். அதில் ‘அண்ட்’, ‘தட்’, ‘ஆஃப்’, ‘டு’ மாதிரி சில்லறைச் சொற்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று கோடு போட வேண்டும். ஒரு செகண்டை ஆயிரமாக நறுக்கி, அதில் எத்தனை துண்டு என்று கணக்கு வரும். ஒரு நாளைக்கு நானூறு கோடு. ஒன்பது வருஷமாக இதே பிழைப்பு. ஆபீஸில் அவளுக்குப் பெயரே ‘காது’தான். வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஒன்பது வருஷம் அதைக் கேட்டதில் அவளுக்கு ஒரு சூட்சுமம் பிடிபட்டிருந்தது. அடுத்து என்ன வரப்போகிறது என்று ஊருக்கே தெரிந்த இடத்தில் மனுஷன் வாயைச் செலவு செய்ய மாட்டான். ‘சால்ட் அண்ட் பெப்பர்’ என்று எவன் முழுசாகச் சொல்கிறான்? நடுவில் ஒரு ‘ன்’ மட்டும் இருக்கும். அதே ஆள் ‘சால்ட் அண்ட் குடை’ என்று சொல்ல நேர்ந்தால் அந்த ‘அண்ட்’ கால் கை எல்லாம் முளைத்து முழுசாக வந்து நிற்கும். ஆளுக்கு ஆளும் அப்படித்தான். முன்பின் தெரியாதவரிடம் பேசும்போது சொல்லெல்லாம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக வரும். பழகப் பழகக் கசங்கும். அவருக்கும் இவளுக்கும் கல்யாணம் பேசி முடித்த புதிதில் அவர் போனில் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்றார். ஒரு மாதத்தில் ‘வந்துட்டிருக்கேன்’. மகள் பிறப்பதற்குள் ‘வன்ட்ருக்கே’. இப்போது வெறும் ‘ம்’.

அப்படியானால் பால்கனியில் நின்று பேசுகிறாரே, அந்த ஆள் யார்? யாரிடம் அவருடைய சொற்கள் இவ்வளவு கசங்கிப்போயிருக்கின்றன?

கேட்டதற்கு ‘ஆபீஸ் கால்’ என்றார். லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் அவர் சர்வீஸ் சூப்பர்வைசர். பதினாலு வருஷ சர்வீஸ். அவர் ஆபீஸ் ஆட்களோடு பேசுவதை அவள் கேட்டதில்லையா என்ன. எல்லாரும் நம்ம ஆட்கள், நம்ம பாஷையில்தான் பேச்சு. இங்கிலீஷ் என்றால் தலைமை ஆபீஸ் பெரிய மனுஷர்கள், அவர்களிடம் ‘எஸ் சார்’ என்பதைக்கூட இரண்டு செகண்ட் இழுத்துச் சொல்லுவார். இதுவோ மாவாக அரைத்த இங்கிலீஷ். நாள்தோறும் பேசிப் பழகின ஒருத்தரிடம் மட்டும் வரக்கூடியது. அந்த ஒருத்தர் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்ட அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

சந்தேகம் அவளுக்குக் கூடப்பிறந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, மூன்று மாடி இறங்கி, மறுபடி ஏறிப்போய் இழுத்துப் பார்க்கிற ஜாதி. மாத்திரை மாதிரி மூன்று வேளை புருஷனுக்கு போன் போடுவாள். காலையில் ஒன்று, மத்தியானத்துக்கு முன் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அவர் சொல்வதை அவள் கேட்பதேயில்லை. சொல்வதற்குப் பின்னால் என்ன சத்தம் வருகிறது, எந்தச் சொல் இழுபடுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது, இதுதான் அவளுக்கு வேண்டும். அவர்கூட ஒருதரம் வேடிக்கையாக, நான் ஒரு வீட்டில் குடியிருக்கவில்லை, ஸ்டெதாஸ்கோப்புக்குள் குடியிருக்கிறேன் என்று சொன்னதுண்டு. அவள் சிரித்துவிட்டு, ‘ஸ்டெதாஸ்கோப்’ என்ற சொல்லை ஏன் அவ்வளவு மெதுவாகச் சொன்னார் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் அவள் காரியத்தில் இறங்கினாள். பால்கனிக் கதவை ஒட்டி வாஷிங் மெஷின். அதன்மேல் துவைக்கிற துணிக்கூடை. கூடைக்குள், மகளுடைய பள்ளிக்கூடச் சட்டைக்கு அடியில், தன் போனைப் பதிவில் போட்டு வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அடுப்படியில் வெங்காயம் உரித்தாள். அவர் பால்கனிக்குப் போனார், பன்னிரண்டு நிமிஷம் பேசினார், வந்தார், தண்ணீர் குடித்தார், மகளைக் கூட்டிக்கொண்டு டியூஷனில் விடப் போனார். இப்படியே நாலு சாயங்காலம். கையில் நாலு பதிவு.

முதல் பதிவைக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கேட்டாள். அவர் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் விழுந்திருந்தது. அதில் ஒருத்தியும் இல்லை. காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை.

அது ஒரு வாக்குமூலம். பன்னிரண்டாம் தேதி காலையில் நான் அந்தக் கட்டடத்துக்குப் போனேன், அண்ட் லிஃப்ட் மெஷின் ரூமுக்கு ஏறினேன், அண்ட் மெயின் சுவிட்சை அணைத்தேன், அண்ட் ரோப்பைப் பார்த்தேன், அண்ட் பிரேக்கைப் பார்த்தேன், அண்ட் சர்வீஸ் கார்டில் கையெழுத்துப் போட்டேன். நாலு பதிவிலும் இதேதான், ஒரு சொல் மாறவில்லை. இன்சூரன்ஸ்காரருக்கு ஒருதரம், கம்பெனி வக்கீலுக்கு ஒருதரம், தலைமை ஆபீஸில் இரண்டு பேருக்கு இரண்டுதரம். இடையிடையே அவர் பதில் சொன்னதிலிருந்து மிச்சக் கதையும் தெரிந்துவிட்டது. அவர் கையெழுத்துப் போட்ட அன்று மத்தியானமே அந்த லிஃப்ட், கதவு திறந்திருக்கும்போதே நழுவியிருக்கிறது. அங்கே தரை துடைக்கிற அம்மா தண்ணீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே கால் வைத்த நேரம். கால் மாட்டிக்கொண்டது. இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. மூன்று மாதத்துக்குக் கால் தரையில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

குழாயை மூடிவிட்டு அவள் வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஒருத்திக்குக் கால் உடைந்ததைக் கேட்டு இன்னொருத்திக்கு நிம்மதி. ஆனால் அதுதான் உண்மை. பொம்பளை விஷயம் இல்லை. அந்த ‘அண்ட்’ பழகினவரிடம் பேசிப் பேசித் தேயவில்லை, ஒரே பாட்டைப் பலரிடம் பாடிப் பாடித் தேய்ந்திருக்கிறது. ஒன்பது வருஷம் காதைத் தீட்டி வைத்திருந்தும் இது உறைக்கவில்லையே என்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். பாவம் மனுஷன், மூன்று வாரமாக இவ்வளவு பெரிய பாரத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறார், இவள் கூடையில் போனை ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கை சும்மா இருக்குமா? மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் எழுந்து போன பிறகு, பதிவை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். புருஷனுடைய பேச்சு திரையில் எப்படிப் படுத்திருக்கும் என்று பார்க்க ஓர் ஆசை, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு ‘அண்ட்’டுக்கும் கோடு போட்டாள். மொத்தம் ஐந்து. முதலாவது அறுபத்திரண்டு துண்டு. ஐம்பத்தெட்டு. அறுபது. அடுத்தது நூற்று எண்பது. கடைசி ஐம்பத்தொன்பது.

பிரேக்குக்கு முன்னால் வருகிற ‘அண்ட்’ மட்டும் மூன்று மடங்கு.

இருமியிருப்பார், தெருவில் ஹாரன் அடித்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த பதிவை ஏற்றினாள். நூற்று எழுபத்தாறு. அதற்கடுத்தது நூற்று எண்பத்தைந்து. நாலாவது நூற்று எழுபத்தொன்பது. நாலு நாளும் அதே இடத்தில் மட்டுமா இருமல் வரும்? அத்தனை ‘அண்ட்’டும் தேய்ந்து ‘ன்’ ஆகிவிட்ட பேச்சில் அது ஒன்று மட்டும் தேயாமல் நின்றது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகப் போயிற்று.

அவள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பதிவையும் ஒருத்தர் கோடு போட்டதோடு விட மாட்டார்கள். முதல் ஆள் போட்டதைக் காட்டாமல் இரண்டாவது ஆளிடம் கொடுப்பார்கள். இருவருக்கும் பத்துத் துண்டுக்குமேல் வித்தியாசம் வந்தால்தான் பஞ்சாயத்து. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் வயதில் சின்னவள், கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பதால் பெயரே ‘பென்சில்’. புதுப் பதிவு, கொஞ்சம் பார்த்துக் கொடு என்று அவளிடம் தள்ளிவிட்டாள். குரலை அவளுக்கு அடையாளம் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

பென்சில் கோடு போட்டு முடித்தாள். அந்த ஒன்றுக்கு நூற்று எழுபத்தேழு. மூன்று துண்டுதான் வித்தியாசம், பஞ்சாயத்துக்கே வேலை இல்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவள் சும்மா இருந்திருக்கலாம்.

“அக்கா, இந்த ஆளு பாடத்தை நெட்டுரு போட்டு ஒப்பிக்கிறாரு. ஒரு இடத்துல மட்டும் அவருக்கே அடுத்த வரி மேல நம்பிக்கை இல்ல. பரீட்சையில நான் முழிப்பேனே, அதே முழி.”

காது சிரித்து வைத்தாள். அன்று மீதி நாள் முழுக்க அவள் போட்ட கோடுகள் எல்லாம் கோணல்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மனசு இரண்டாகப் பிளந்து வாதாடியது. நீளமாக வந்தால் பொய் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அந்த இடத்தில் அந்த அம்மாவின் கால் ஞாபகம் வந்திருக்கலாம், தொண்டை அடைத்திருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சரி, அப்படியானால் ஏன் மூன்று வாரமாக மறைத்தார்? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. அவர் பிரேக்கைப் பார்க்கவில்லை என்றால் அந்த அம்மாவின் காலை உடைத்தது அவர் கையெழுத்து. பார்த்திருந்தார் என்றால், பதினைந்து வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைக் கம்பளிப்பூச்சியை வைத்து எடை போட்ட பாவம் இவளுக்கு. இரண்டில் ஒன்று தெரியாமல் அவளால் ஒரு வாய் தண்ணீர்கூட இறக்க முடியாது.

மகள் டியூஷனுக்குப் போன பிறகு கேட்டாள். அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் எங்கேயோ போக வேண்டும் போலிருந்தது, என்றைக்குமில்லாமல் பூட்ஸ் பளபளத்தது.

“நீங்க அன்னைக்கு பிரேக்க பாக்கல.”

பிரஷ் நின்றது. எந்த பிரேக் என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே, இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். துணிக்கூடை, நாலு பதிவு, ஐந்து ‘அண்ட்’, நூற்று எண்பது, பென்சில்வரை. வேவு பார்த்ததற்கு அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பூட்ஸை ஓரமாக வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சிரித்தார். பதினோரு பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், என்றார். படித்தவர்கள், வக்கீல், பெரிய இன்ஜினியர். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கென்று வந்து வாய்த்திருக்கிறாய் பார்.

ஏன் பார்க்கவில்லை என்று கேட்டாள். அவர் பாலிஷ் டப்பாவின் மூடியைத் தேடி மூடினார். பதினாலு வருஷத்தில் ஒருநாள்கூட பார்க்காமல் கையெழுத்துப் போடாத மனுஷன், அன்றைக்கு மட்டும் என்ன அவசரம் என்று கேட்டாள். யாரைக் காப்பாற்றுகிறீர்கள், கூட வந்த மெக்கானிக்கையா, யாராவது ஒருத்தி இருந்தாளா அங்கே, என்று கேட்டுவிட்டாள். அந்தச் சந்தேகம் செத்துப்போய்விட்டது என்று நினைத்திருந்தாள், அது மூலையில் உயிரோடுதான் இருந்திருக்கிறது.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“இருந்தா. போன்ல. நீதான்.”

பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். சண்டைக்காரக் குரல் இல்லை, களைத்துப்போன குரல். பன்னிரண்டாம் தேதி, பதினொன்றே முக்கால். ரோப்பைப் பார்த்து முடித்து, பிரேக் மூடியின் முதல் திருகைக் கழற்றியபோது அவளுடைய மத்தியான போன் வந்தது. எடுத்தார். எடுக்காவிட்டால் மறுபடி மறுபடி அடிப்பாள் என்று தெரியும். அந்த நேரம் பார்த்து, தரை துடைக்கிற அந்த அம்மா மெஷின் ரூம் படியேறி வந்து, சார், லிஃப்ட் எப்ப ரெடியாகும், என் வண்டி மேல்மாடியில நிக்குது என்று கேட்டாள். அந்தக் குரல் போனில் விழுந்தது. யார் அந்தப் பொம்பளை என்று இவள் ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஞாபகம் இருந்தது. நன்றாக ஞாபகம் இருந்தது. மெஷின் ரூமில் பொம்பளைக்கு என்ன வேலை என்று கேட்டது, அவளிடம் போனைக் கொடு என்றது, அவர் கொடுக்க மாட்டேன் என்றது, அது ஏன் என்று பிடித்துக்கொண்டது, இருபத்திரண்டு நிமிஷம். கடைசியில் மகள்மேல் சத்தியம் பண்ணவைத்துவிட்டுத்தான் போனை வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் இதைப் பென்சிலிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருந்தாள், ஆம்பளைகளைச் சத்தியத்தில் நிறுத்தி வைக்க வேண்டும் என்று.

போனை வைத்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அந்த அம்மா மறுபடி வந்து நின்றாள். கழற்றின திருகைத் திரும்ப மாட்டினார், கார்டில் கையெழுத்துப் போட்டார், சுவிட்சைப் போட்டார், இறங்கி வந்துவிட்டார். இரண்டு மணிக்கு லிஃப்ட் நழுவியது.

“இத நான் சொன்னா போன் யாருதுன்னு கேப்பாங்க. உன்ன கூப்பிட்டு நிக்க வப்பாங்க. அதுக்குத்தான் சொல்லல.”

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதிரெதிரே இரண்டு பேர், நடுவில் ஒரு ஜோடி பூட்ஸ். தன்னை இவ்வளவு அருவருப்பாக அவள் என்றைக்கும் உணர்ந்ததில்லை. அந்த அம்மாவின் குரலை அவள் கேட்டிருக்கிறாள், அதுதான் தாங்க முடியவில்லை. எத்தனையோ ஊர்க் குரல்களைக் கோடு போட்டு அளந்தவள், அந்தக் குரலை மட்டும் கெட்டவளுடைய குரல் என்று முடிவு பண்ணிவிட்டாள்.

மறுநாள்தான் கடைசி விசாரணை. இதுவரை போனில் கேட்டவர்கள் எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நாளைக்கு நேரில் கேட்கப் போவது லிஃப்ட் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர், ஒரு அம்மையார். அவர் எழுத மாட்டாராம், கண்ணை மூடிக்கொண்டு கேட்பாராம். கம்பெனி வக்கீல் ஏற்கெனவே ஒரு வழி போட்டு வைத்திருக்கிறார். பிரேக்கைப் பார்த்தாயிற்று, லிஃப்ட் சரியாகத்தான் இருந்தது, தண்ணீர் வண்டியின் சக்கரத்தைக் கதவு இடுக்கில் முட்டுக் கொடுத்து, லிஃப்டைப் பிடித்து நிறுத்தி வைத்தது அந்த அம்மாதான் என்று. அதை நம்பிவிட்டால் இவருக்கு வேலை தப்பும். நம்பாவிட்டால் வேலையும் போய், வழக்கும் வரும். அந்த வழக்கில் இவள் பெயரும் வரும்.

உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று அவர் கேட்டார். நிஜமாகத்தான் கேட்டார். நீ சொல்வதைச் செய்கிறேன் என்றார்.

பதினைந்து வருஷமாக மூன்று வேளையும் போன் போட்டு அவள் கேட்டது உண்மையைத்தானே. ‘சொல்லிடுங்க’ என்ற சொல் தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. விசாரணை அறையில் தான் போய் நிற்பதை அவள் பார்த்தாள். என்னம்மா பேசினீர்கள் இருபத்திரண்டு நிமிஷம் என்று ஒருத்தர் கேட்பதையும், தான் பதில் சொல்வதையும், அதை ஒருத்தர் உட்கார்ந்து எழுதுவதையும் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் மகளை மற்றப் பிள்ளைகள் பார்க்கிற பார்வையைப் பார்த்தாள். அந்த அம்மா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருப்பதையும் பார்த்தாள், பார்க்காமல் இல்லை. அது கொஞ்சம் தள்ளி இருந்தது.

“முதல்லேர்ந்து சொல்லுங்க,” என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. நாளைக்குச் சொல்லப்போவதை இங்கிலீஷில் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார். பிரேக் வருகிற இடத்தில் ‘அண்ட்’ கதவு நிலையில் தலை இடித்துக்கொண்டது மாதிரி நின்று வந்தது. ஹெட்போன் தேவைப்படவில்லை, வெறும் காதுக்கே கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிற எந்த மனுஷிக்கும் கேட்கும்.

மறுபடி சொல்லச் சொன்னாள். பிரேக்கைத் தனியாக நினைக்காதீர்கள் என்றாள். ரோப்பையும் பிரேக்கையும் ஒரே சாமானாக நினையுங்கள். ரோப்புக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், பிரேக்குக்கு முன்னால் வாங்காதீர்கள். கையெழுத்தை மனசில் வைத்துக்கொண்டு அதை நோக்கிப் போங்கள், நடுவில் நிற்காதீர்கள். அவர் சொன்னார். மறுபடி சொன்னார். நாலாவது தடவை நூற்று ஐம்பதுக்கு இறங்கியிருக்கும் என்று அவளுக்குப் பட்டது. ஏழாவது தடவை நூறு. இடையில் ஒருமுறை அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார், குரல் உடைந்துவிட்டது. அவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ம், சொல்லுங்க என்றாள். பதிமூன்றாவது தடவையில் அந்த ‘அண்ட்’ மற்ற நாலோடு சேர்ந்து ‘ன்’ ஆகிவிட்டது. சரியாக இருக்கிறதா என்று நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னும் நாலுமுறை சொல்லவைத்தாள். வாசலில் மகளுடைய செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்தினார்கள்.

மறுநாள் விசாரணை இரண்டு மணிக்கு முடிந்துவிடும் என்று சொல்லியிருந்தார். இரண்டரைக்கு அவள் போன் செய்தாள், அணைத்து வைத்திருந்தார். மூன்றுக்குச் செய்தாள். நாலுக்குச் செய்தாள். பென்சில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் வீட்டுக்கு வந்து, மகளுக்குச் சாப்பிடக் கொடுத்து, துணி மடித்து, மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். ஆறரைக்கு அவர் வந்தார்.

முடிந்தது என்றார். அந்த அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்களாம், ஒரே ஒருமுறைதான் சொல்லச் சொன்னார்களாம், சரி போகலாம் என்றுவிட்டார்களாம். தரை துடைக்கிற அம்மாவின் கவனக்குறைவு என்று முடிவு பண்ணிவிட்டதைக் கம்பெனி வக்கீல் வந்து சொன்னாராம். இதையெல்லாம் சொன்ன புருஷன் குரலில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிறவளுக்கு இந்த நேரம் சேதி போயிருக்கும். என் மேலயா பழி என்று அவள் கேட்டிருப்பாள். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று இவளுக்குத் தெரியும்.

இரண்டு மணிக்கு முடிந்ததற்கு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள்.

“நேரா ஆபீசுக்குப் போனேன், அங்க பேசிட்டு இருந்தேன், பஸ் கெடைக்கல, நடந்தே வந்துட்டேன்.”

அவள் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டாள். எங்கேயும் தடுக்கவில்லை. எல்லாச் சொல்லும் ஒரே அளவில், வழவழவென்று, ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தது. ஆபீசுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு மூச்சுகூட இல்லை. என்ன சொன்னீர்கள் என்று கேட்காதவள் மாதிரி மறுபடி கேட்டாள். அவர் மறுபடி சொன்னார், அதே அளவில், அதே வழவழப்பில். சொல்லிவிட்டு, பூட்ஸைக் கழற்றி அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு, முகம் கழுவப் போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். எங்காவது பார்க்கில் தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டு வந்திருக்கலாம். வேறு எங்கேயாவதும் போயிருக்கலாம். உண்மையாகவே ஆபீசுக்குப் போய்விட்டு நடந்தும் வந்திருக்கலாம். எது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.